கேட்காமல் வெட்டிய புடவை

நம் தையல் கூடத்துச் சுவரில் இருக்கும் படத்துக்கு ஏன் மாலை இல்லை என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்கிறீர்களாம். போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது என்னிடம் நேராகக் கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னைக் கண்டால் பயமாம். பயம் இருக்கட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அன்றைக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் நான் எழுந்து போனேனே, அதற்கும் அந்த மாலைக்கும் சம்பந்தம் உண்டு. உங்களில் ஒரு பெண் பட்டுப் பாவாடை ஒன்றைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தாள். பெயரைச் சொல்லி அவள் மானத்தை வாங்கப் போவதில்லை. தங்கைக்கு ஸ்மாக்கிங் கவுன் தைக்கச் சொல்லி அம்மாக்காரி மூத்தவளின் பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு நேராக நம் வாசலுக்கு வந்து, வெட்டிக் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, சீருடையோடு நின்று அழுகிறாள். இது யாருடையது என்று கேட்டாயா என்று நம் பெண்ணைக் கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்.

"கஸ்டமர் சொன்னாங்க, செஞ்சோம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே கத்தியிருப்பேன். அழுகிற பிள்ளைக்கு முன்னால் நம் வீட்டுச் சண்டையைப் போட வேண்டாம் என்றுதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நெரவியில் என் வீடு போய்ச் சேரும் வரை பஸ்ஸில் எனக்கு நானே பேசிக்கொண்டு போனதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். அப்போது சொல்லாமல் வந்ததை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஸ்மாக்கிங்கைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. துணியில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நூல் கோத்து இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகக் கூடி நிற்கும். கூடி நிற்கிற கொசுவத்தின் மேல் பூவேலை செய்கிறோம். வேலை முடிந்ததும் அந்த இழுப்பு நூலை உருவி எறிந்துவிடுகிறோம். உட்கார்ந்து பழகினால் யாருக்கும் கை படிந்துவிடும். கை படிந்து என்ன செய்வது? கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை.

படத்தில் இருக்கிற அம்மாதான் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். நான் வேலைக்கு வந்தபோது இந்தக் கூடமே அவர் கண்ணசைவில் நடந்தது. அவர் இழுத்த கொசுவத்தைப் பார்த்தால் மெஷினில் வைத்து எடுத்ததோ என்று தோன்றும். யார் கொசுவம் இழுத்தாரோ அவரே கடைசி வரை முடிக்க வேண்டும், நடுவில் வேறு கை படக்கூடாது என்று இன்றைக்கும் நம் கூடத்தில் இருக்கிற வழக்கம் அவர் கொண்டுவந்தது. ஒவ்வொருத்தி கைக்கும் ஓர் இறுக்கம் உண்டு, கை மாறினால் துணியில் தெரிந்துவிடும். அந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தப்பாக இழுத்தால் விரலிலேயே அடிப்பார். அதையும் நான் குறை சொல்லவில்லை.

அவருக்கு இன்னொரு பேச்சு உண்டு. நாங்கள் யாராவது, இந்தக் கலர் அந்தப் பிள்ளைக்கு எடுக்காது, இந்தத் துணிக்கு இந்த வேலை தாங்காது என்று வாயைத் திறந்தால் போதும். "துணி அவங்களுது, கூலி நம்மளுது. நடுவுல ஒனக்கு என்னடி பேச்சு?" என்பார். நாங்களும் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வோம். அவர் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. சூப்பர்வைசர் முதல் பட்டன் வைக்கிறவள் வரை எல்லோர் வாயிலும் புழங்கி, தேய்ந்து, இன்றைக்கு உங்கள் வாயில் 'சொன்னாங்க, செஞ்சோம்' என்று வந்து நிற்கிறது.

இனி புடவைக் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கூடத்துக்குச் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது. ஒரு திங்கட்கிழமை மதாம் வந்தார். உங்களில் புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். கணவர் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார், அவருடைய பென்ஷன் வருகிறது. மகன் அங்கேயே வேலையில் இருக்கிறான். மதாம் மட்டும் பல வருஷம் அங்கே இருந்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்து மாதா கோயில் பக்கத்து வீட்டில் இருந்தார். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். பிரான்ஸிலிருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிள்ளைகள் கவுன் நம்மிடம்தான் தைக்கச் சொல்வார். பண்டிகை நாளில் அவர் ஒருவரால் நமக்கு வருகிற வேலை பாதிக் கூடத்துக்குப் போதும். முதலாளி அவருக்காகத் தன் நாற்காலியையே இழுத்துப் போடுவார்.

கையில் துணிப்பை வைத்திருந்தார். உள்ளே பால்வெள்ளைப் பட்டுப் புடவை, சன்ன ஜரிகைக் கரை. பேத்திக்கு வருகிற ஞாயிறு ஞானஸ்நானம், இதை வெட்டி, நெஞ்சுப் பக்கம் முழுக்க ஸ்மாக்கிங் வைத்து, பிள்ளையின் கால் தாண்டித் தொங்குகிற மாதிரி நீளக் கவுன் தைக்க வேண்டும் என்றார். தாயின் கல்யாணப் புடவையில்தான் தலைப்பிள்ளையின் ஞானஸ்நான கவுன் தைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். எனக்கு அது புதிது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புடவையை மேஜையில் விரித்தேன். தோள் பக்கத்தில் குத்திய சேஃப்டி பின் கழற்றாமலே இருந்தது. கீழ்க்கரையில் ஒரு சொட்டு மெழுகு. கோயிலில் மெழுகுவத்தி பிடித்தபோது விழுந்திருக்கும். ஒரே ஒரு தடவை கட்டி, துவைக்கக்கூடப் போடாமல் மடித்து வைத்த புடவை அது. அப்படி மடித்து வைக்கிறவளுக்கு அதன் மேல் ஏதோ எண்ணம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியும். மருமகள் வரவில்லையா என்று கேட்டேன்.

மருமகள் ஸ்டெல்லா பிரசவத்துக்குப் போலகத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்றார் மதாம். புடவை இங்கே பீரோவில் இருந்தது, எடுத்து வந்தேன் என்றார். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். "தெரிஞ்சா அப்பறம் என்ன சர்ப்ரைஸ், தனம்? கோயில்ல பிள்ளைய கையில குடுக்கும்போது பாக்கட்டும்." ஸ்டெல்லாவின் போன் நம்பரைக் கொடுங்கள், ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் சர்ப்ரைஸ் என்கிறேன், நீ நம்பர் கேட்கிறாயே என்று சொல்லிவிட்டு, முதலாளி பக்கம் திரும்பி, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வேன் என்றார்.

அவர் படி இறங்கியதும் எனக்கும் முதலாளிக்கும் ஆரம்பித்தது. முதலாளி கெட்டவர் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்து நான் இருக்கிறேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் தம்பி என்பேன். அவருக்கு ஒரே வியாதி, வாடிக்கைக்காரர் முகம் சுருங்கினால் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர்கள் வீட்டுப் புடவை, அவர்கள் வீட்டுப் பிள்ளை, நமக்கு என்ன என்றார். புடவை வீட்டினுடையது இல்லை, அதைக் கட்டியவளுடையது என்றேன். மாமியார் ஆசையாகச் செய்வதை நாம் கெடுக்கலாமா என்றார். ஆசை யாருக்கு, புடவை யாருக்கு என்று நான் கேட்டேன். நீங்கள் வெட்டாவிட்டால் அடுத்த மேஜையில் வெட்டச் சொல்கிறேன் என்றார். அடுத்த மேஜைக்காரி அதற்குள் கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அப்போது எனக்கு வந்த கோபத்துக்குப் புடவையைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும், புடவை மிஞ்சியிருக்காது. நான் வாயை மூடிக்கொண்டு நானே செய்கிறேன் என்றேன். புடவையை என் மேஜைக்கு இழுத்து, வெட்டாமல் முழுசாக வைத்துக்கொண்டு, புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அதுவும் எங்கே? கட்டும்போது இடுப்பில் முதல் சுற்றாக உள்ளே போய் மறைகிற பக்கத்தில். பட்டில் ஊசி இறங்கினால் தடம் நிற்கும், நின்றாலும் அங்கே வெளியே தெரியாது. இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, மத்தியானத்துக்குள் கொசுவத்தை இழுத்துக் கட்டிவிட்டேன். மிச்சப் புடவையைத் தலையணை உறைக்குள் திணித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எதற்கு என்று புரிகிறதா? நான் கொசுவம் இழுத்துவிட்டேன். இனி நம் கூடத்து வழக்கப்படி அந்தத் துணியில் வேறு ஒரு கை படக்கூடாது. முதலாளியே சொன்னாலும் யாரும் தொட மாட்டார்கள். கத்தரிக்கோலைத் துடைத்தவள் அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, வெட்டாமல் எப்படி என்றார். ஸ்மாக்கிங்கில் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று எனக்குச் சொல்லித் தரப் போகிறீர்களா தம்பி என்றேன். தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். இழுத்த கொசுவத்தை ஒரு நூலை உருவினால் பிரித்துவிடலாம். வெட்டியதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவசரத்தில் மூளை வேலை செய்யாவிட்டால் இந்த ஒன்றையாவது பாருங்கள், எது திரும்பி வரும், எது திரும்பி வராது என்று.

மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். கண்டக்டர் தினமும் பார்க்கிற பையன்தான். அக்கா, நெரவி தாண்டிவிட்டது என்றான். தெரியும், போலகத்துக்கு டிக்கெட் கொடு என்றேன். போலகத்தில் இறங்கி பிரான்ஸ் மாப்பிள்ளை எடுத்த வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள், அப்படித்தான் காட்டினார்கள். ஸ்டெல்லாவின் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தையல் கூடத்திலிருந்து வந்தேன் என்றதும், பிள்ளைக்கு அளவெடுக்க வந்தீர்களா என்று கேட்டார். பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. நானும் ஆமாம் என்று டேப்பை எடுத்தேன்.

ஸ்டெல்லா அறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டில் தலைமாட்டில் ஒரு ஜாக்கெட் தொங்கியது. பால்வெள்ளைப் பட்டு, அதே சன்ன ஜரிகை. பழக்கதோஷத்தில் என் கை அதைத் தொட்டுப் பார்த்தது. இரண்டு பக்கமும் பழைய தையலைப் பிரித்து, பிள்ளை பெற்ற உடம்புக்குத் தக்கபடி விட்டுத் தைத்திருந்தது. பழைய தையல் இருந்த கோடு இன்னும் ஊசித் தடமாகத் தெரிந்தது. நேற்றோ முந்தாநாளோ பிரித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக இங்கே ஒருத்தி ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கிறாள், அங்கே நாம் புடவையை வெட்டக் கத்தரிக்கோலைத் துடைக்கிறோம். சொல்லுங்கள், யாருக்குத்தான் கோபம் வராது?

அவள் அம்மா டீ போடப் போனதும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்கள் அத்தை கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து பிள்ளைக்குக் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"வெட்டிட்டீங்களாக்கா?"

இல்லை என்றேன். அவளுக்கு மூச்சு வந்ததை என்னால் பார்க்க முடிந்தது. அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்யாணத்தில் நகை, மண்டபம், கேக், கார் எல்லாம் அந்த வீட்டார் பேசி முடித்தது. புடவை ஒன்றைத்தான் கடையில் அவளை எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்தாள். அதைத் தவிர அந்த வீட்டில் அவள் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டத்தான் ஜாக்கெட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள், சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனதும் பீரோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

அப்படியானால் வெட்ட வேண்டாம் என்று நீங்களே அத்தையிடம் போனில் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். அத்தை ஆசையாகச் செய்கிறார், நான் எப்படிச் சொல்வது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. சொல்ல முடியாத இடத்தில் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு அவள் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஊர் மேல்.

வெட்டவா, வேண்டாமா, ஒரே வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"வெட்டாதீங்கக்கா. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் அந்த வீட்லதான் இருந்தாகணும்."

பிள்ளைக்கு அளவு எடுத்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ராத்திரி படுத்தால் தூக்கமா வரும்? அவள் பெயரைச் சொல்லக்கூடாது. பட்டுக்கு இந்த வேலை நிற்காது, ஜரிகை அறுக்கும் என்று ஏதாவது பொய் சொல்லலாம். ஆனால் மதாம் வருஷக்கணக்காக ஸ்மாக்கிங் பார்த்தவர், இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவார். பிடித்தால் போலகத்துக்குத்தான் போய் நிற்பார். அதனால் பொய்யும் வேண்டாம், பெயரும் வேண்டாம், வருகிறதை என் தலையில் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை மதாம் வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வந்துவிட்டார். கொசுவம் இழுத்த புடவையை எடுத்து மேஜையில் வைத்தேன். உறைக்குள்ளிருந்து மிச்சப் புடவை வழிந்து தரையைத் தொட்டது. இன்னும் வெட்டவில்லையா என்றார். இல்லை, வெட்டவும் மாட்டேன் என்றேன். முதலாளி பதறிப்போய், அக்காவுக்கு உடம்பு சரியில்லை மதாம் என்றார். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை தம்பி என்றேன். கூடத்தில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் குனிந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவகிட்ட போய்க் கேட்டியா?" என்றார் மதாம்.

"அவங்கள கேக்க வேண்டியது நீங்க மதாம். நான் இல்ல."

அவர் முகம் சிவந்தது. நான் கொடுக்கிற வேலையில் நடக்கிற கடை இது, எனக்கே புத்தி சொல்கிறாயா என்றார். இனி இந்தப் பக்கம் ஒரு கைக்குட்டை கூட வராது என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நானும் விடவில்லை. பீரோவைத் திறந்து எடுத்து வர உங்களுக்குக் கை வந்தது, போலகத்துக்கு ஒரு போன் போட வரவில்லையா, அந்தப் பெண் வாய் பேசாத பிள்ளையா என்று சத்தமாகத்தான் கேட்டேன். சூப்பர்வைசர் வாடிக்கைக்காரரிடம் பேசுகிற பேச்சு இல்லைதான். வந்துவிட்டது.

அதற்கு மதாம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"என்னோடத வெட்டுனப்ப யாரு என்னைய கேட்டா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மகன் பிறந்து, தான் காய்ச்சலில் கிடந்தபோது அவருடைய மாமியார் அவருடைய கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு போய்க் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டார். கோயிலில் பிள்ளையைக் கையில் வாங்கும்போதுதான் பார்த்தாராம். "எல்லாரும் அழகு அழகுன்னாங்க. நானும் சிரிச்சேன். போட்டோ இருக்கு, வேணுன்னா காட்டுறேன்" என்றார். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமாக அவர் சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைத்துக்கொண்டதால்தான் அதையே மருமகளுக்கும் கொடுக்க வந்திருக்கிறார். சொல்லச் சொல்ல அவருக்கே அது தெரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். பாதியில் நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இதே கூடந்தான். அதோ, மாலை போட்டு வச்சிருக்கீங்களே, அந்தம்மாதான் வெட்டுனாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். படத்தில் அவர் எப்போதும் போலக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்படி ஏதாவது ஒரு சேஃப்டி பின் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கும் புடவைக்காரி வரவில்லை என்று தெரிந்திருக்கும். எங்களையெல்லாம் விட நூறு பங்கு கண் உள்ளவர். துணி அவர்களுடையது, கூலி நம்முடையது என்று வெட்டியிருக்கிறார். நான் கும்பிட்டு வேலை தொடங்குகிற படம் அது. அந்த நிமிஷம் எனக்கு மதாம் மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே அந்தச் சுவருக்கு மாறியது.

மதாமிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இழுப்பு நூலின் முடிச்சை அவிழ்த்து, அவர் பார்க்க ஒவ்வொன்றாக உருவினேன். கொசுவம் நெகிழ்ந்து, விரிந்து, புடவை பழையபடி மேஜையில் படுத்தது. அவர் விரலை வைத்து ஊசித் தடத்தைத் தடவிப் பார்த்தார். உள்சுற்றில் போய்விடும் மதாம், வெளியே தெரியாது என்றேன். நானே மடித்து, சேஃப்டி பின் இருந்த இடத்திலேயே இருக்க, பையில் வைத்துக் கொடுத்தேன். பையை வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி என்னை என்ன சொன்னார் என்பது உங்களுக்கு வேண்டாம். நானும் பதிலுக்குச் சொன்னேன், அதுவும் வேண்டாம். சாயங்காலம் மதாம் போன் செய்தார், முதலாளிக்கு இல்லை, எனக்கு. நல்ல மெல்லிய வெள்ளை வாயில் பருத்தித் துணியாக நீயே எடுத்துத் தைத்துவிடு, அளவு உன்னிடம் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். போலகத்துக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்து அந்தக் கவுனை முடித்தேன். கோபத்தோடு உட்கார்ந்தால் கை இறுகும், கை இறுகினால் பிள்ளைக்கு நெஞ்சைப் பிடிக்கும். அதனால் கோபத்தையெல்லாம் வாயிலேயே வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். பக்கத்து மேஜைக்காரிக்குத்தான் காது புளித்துப்போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். ஸ்டெல்லா அந்தப் புடவையில் வந்தாள். மதாம் பின்னாலேயே வந்தவர், படி ஏறும்போது குனிந்து அவள் கொசுவத்தின் கீழ் நுனியை இழுத்துச் சரி செய்துவிட்டார். அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. புடவையைக் கட்டிலில் வைத்து, நீ கட்டிக்கொள் என்று மட்டும் அத்தை சொன்னதாகப் பிறகு ஸ்டெல்லா சொன்னாள். பேசியது அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அதுவே பெரிது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். நல்லபடியாக முடிந்த கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்க எனக்கு ஆசையில்லை.

மருமகளும் பிள்ளையும் பிரான்ஸுக்கு விமானம் ஏறிய பிறகு ஒருநாள் மதாம் கூடத்துக்கு வந்தார். முதலாளி நாற்காலி போட்டார், உட்காரவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். பழைய ஞானஸ்நான கவுன். மஞ்சள் பூத்த வெள்ளைப் பட்டு, நெஞ்சில் ஸ்மாக்கிங். மகனுடையது. அந்தக் கொசுவத்தைப் பார்த்ததும் யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மடிப்பு கலையவில்லை. அவ்வளவு நல்ல வேலை. நல்ல வேலையாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கவுனோடு இன்னொரு மடிப்பும் இருந்தது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். ஜரிகைக் கரையோடு ஒரு நீளத் துண்டு, முந்தானைத் துண்டு, கோணலாக நாலைந்து. எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"தனம், இதையெல்லாம் பிரிச்சி மறுபடி பொடவையா ஆக்க முடியுமா?"

நான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முடியாது என்று பார்க்காமலே தெரியும். பார்க்காமல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"முடியாதுங்க மதாம்."

"தெரியும்" என்றார். "யாரையாச்சும் கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன்."

பொட்டலத்தை அவரே கட்டிக்கொண்டு போனார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த மாலையைக் கழற்றினேன். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஏன் என்று கேட்கவில்லை. படத்தை இறக்கவில்லை. எனக்குத் தொழில் கொடுத்தவர், அதை நான் மறக்க மாட்டேன். மாலை மட்டும் வேண்டாம் என்று பட்டது.

உங்களில் யாரோ புது மாலை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் மதாம் மாதா கோயில் பக்கத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறார், நடந்தே போகலாம். முதலில் அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.